முழங்காலும் கையெழுத்தும்

மேற்படிப்புக்காக அடுத்த மாதம் வெளிநாடு கிளம்பும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். எந்தச் சபைக்குப் போவது? விருந்தில் குடிக்கச் சொன்னால் எப்படி மறுப்பது? அங்கே போனபிறகும் கிறிஸ்தவனாக உண்மையாக வாழ முடியுமா? மூன்றாவதைப் படித்ததும் நான் இருபத்திரண்டு வருடம் பின்னால் போய்விட்டேன். அதனால் முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

குடி ஒரு பிரச்சினையே இல்லை தம்பி. "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் ஜூஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் நம்மைச் சிலுவையில் அறையப்போவதில்லை. மறுக்கும்போது பிரசங்கம் மட்டும் செய்யாதீர்கள். சபை என்றால், ஒரே பஸ்ஸில் போகக்கூடியதாகப் பாருங்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் சபைக்கு மூன்றாவது மாதத்திலிருந்து போக மாட்டீர்கள். அந்த நாட்டுக்காரர்களின் ஆராதனைக்கும் போய்ப் பழகுங்கள். நான் ஒரு வருடம் பாதி புரியாமலேயே உட்கார்ந்திருந்தேன், இன்று அங்கே வேதபாடம் வாசிக்கிறேன். இருபது வருடமாக நம் ஆட்களோடு மட்டுமே சுற்றிக்கொண்டு, "இந்த நாட்டு ஜனங்களுக்குப் பக்தியே இல்லை" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

கிளம்பும்போது எல்லோரும் வேதாகமத்தில் வரும் தானியேல் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்நிய தேசத்தில் மூன்று வேளை ஜெபத்தை விடாததற்காகச் சிங்கக்கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போடப்பட்டவர். ஆனால் அவர் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் கெபிக்கு முன்னால் நான்காம் வசனம் ஒன்று இருக்கிறது, அதில் யாரும் நிற்பதில்லை. தானியேலைப் பிடிக்காதவர்கள் முதலில் அவருடைய ஜெபத்தில் கை வைக்கவில்லை. ராஜ்ய நிர்வாகத்தில், அதாவது அவருடைய உத்தியோகத்தில், குற்றம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்கப்புறம்தான் ஜெபத்தின் பக்கம் திரும்பினார்கள். என்னைப் பிடிக்க யாராவது கிளம்பியிருந்தால் ஜெபம்வரை வந்திருக்கவே வேண்டாம். கணக்கிலேயே மாட்டியிருப்பேன்.

நடந்தது இதுதான். வந்த இரண்டாவது மாதம் கைப்பணம் கரைந்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் பழக்கமான ஒரு பிரதர் தன் கடையில் பகுதிநேர வேலை கொடுத்தார். காலையில் கடை திறந்ததும் கல்லாப்பெட்டிமேல் கை வைத்து ஜெபிப்பார், நாங்கள் சுற்றி நின்று ஆமென் சொல்வோம். என் விசாவின்படி வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். நான் செய்தது முப்பத்தைந்து, சில வாரம் நாற்பது. கூடுதல் நேரத்துக்குப் பாதிக் கூலி, அதுவும் ரொக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு தாளை நீட்டுவார், அதில் "20" என்று அவரே எழுதியிருப்பார். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். முதல் வாரம் பேனாவை வாங்கியபோது கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாவது வாரம் தாளைப் படிக்கக்கூட இல்லை.

ஒருமுறை முழுக்கூலி கேட்டேன். "இதை ஊழியமாக நினைத்துக்கொள் தம்பி" என்றார். வேலைக்காரர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதியதை அவர் படித்திருக்கத்தான் வேண்டும். கிரேக்க நாட்டுக் கொரிந்துவுக்கு ஊழியம் செய்யப் போன பவுலுக்கும் நம்மைப்போலவே பிழைக்க வந்த ஒரு தம்பதிதான் வேலை கொடுத்தார்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து கிலவுதியு இராயன் விரட்டியதால் அங்கே வந்தவர்கள். பவுலை வீட்டிலேயே தங்கவைத்து, மூவருமாகக் கூடாரம் செய்தார்கள். அப்படிப்பட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள், எனக்குப் பிற்பாடு கிடைத்தார்கள். ஆனால் "பிரதர்" என்று கூப்பிடுகிறார் என்பதற்காக யார் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என்னை இங்கே வெளியாள் ஒருவன்கூட ஏமாற்றியதில்லை.

அவரையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் பொய்தான். விசா நீட்டிப்பு வந்தது. நிபந்தனை எதையாவது மீறியிருக்கிறீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி, பக்கத்தில் இரண்டு கட்டங்கள். நான் "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன், யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. விசா கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் செய்ததை எல்லோர் முன்பும் சொல்ல, கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, "கர்த்தர் அற்புதமாகக் கதவைத் திறந்தார்" என்றேன். சபை முழுவதும் ஆமென் என்றது, அந்தப் பிரதரும் சேர்த்து. இன்றைக்கும் யாராவது விசா சாட்சி சொல்ல எழுந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உண்மையாகவே ஜெபித்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கோளாறு என் வயிற்றில்தான்.

அப்போது என் அறையில் கூட இருந்தவனுக்குச் சாமி, சபை எதுவும் கிடையாது. அவனும் அதே கடைக்கு வேலைக்கு வந்தான். முதல் வெள்ளிக்கிழமை தாளைப் பார்த்துவிட்டு, "நான் இருபத்தெட்டு மணி நேரம் வேலை பார்த்தேனே" என்றான். அவ்வளவுதான், திங்கட்கிழமை வேலை இல்லை. அந்த மாதம் பாதி நாள் வெறும் ரொட்டியில் ஓட்டினான். நான் அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

நான் தினமும் இரவு பத்து மணிக்குக் கட்டிலோரம் முழங்காலில் நிற்பேன். அவன் கேலி செய்ததே இல்லை. நான் பாயை இழுக்கும் சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவான், எழுந்ததும் கூட்டுவான்.

சாட்சி சொன்ன அந்த ஞாயிறு இரவு எனக்கு முழங்காலில் நிற்க முடியவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். பத்து மணிக்கு அவன் வழக்கம்போல டிவி சத்தத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன, இன்றைக்கு இல்லையா?" என்று கேட்டான்.

நான் தூங்குவதுபோலக் கிடந்தேன். அவன் அன்று டிவி சத்தத்தைக் கூட்டவே இல்லை.