என்ட்ரி போட்ட பிறகு

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கொட்டாஞ்சேனையில், கணவரின் பெயரில் உள்ள வீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். இரண்டு முறை பொலிஸில் என்ட்ரி போட்டேன். இரண்டு முறையும் அவரை அழைப்பித்து, இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி, சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சிங்களம் பேசினால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. வீட்டை விட்டுப் போனால், 'அவளே விட்டுவிட்டுப் போனாள்' என்று விவாகரத்தில் தான் வென்றுவிடுவதாக அவர் சொல்கிறார். அம்மா, பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். நான் எங்கே போவது?

ஒரு வாசகி, கொழும்பு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சம்மதத்துடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இக்கடிதத்தை வெளியிடுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சின்னம்மாவின் மகள் ஒருத்திக்குத் துணையாகப் புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவள் என்ற அளவிலேயே எழுதுகிறேன்.

பொலிஸார் சமாதானம் செய்து அனுப்பிவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணுவது தெரிகிறது. அப்படியல்ல. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரே நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, அதாவது வன்முறை செய்பவரைத் தடுக்கும் உத்தரவு, கோரி விண்ணப்பிக்கலாம். பொலிஸ் அதிகாரி உங்கள் சார்பில் விண்ணப்பிக்கவும் இடமுண்டு, ஆனால் அவர் அனுமதித்தால்தான் நீங்கள் போகலாம் என்று எங்கும் இல்லை. நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றமே போதும்; தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த இடத்துக்குரிய நீதிமன்றமும் ஏற்கும். நிலைமை அவசரமானது என்று நீதவான் கருதினால் இடைக்காலக் கட்டளையை உடனே வழங்கி, பதினான்கு நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணை கொடுப்பார். விசாரணைக்குப் பிறகு வழங்கப்படும் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தண்டப்பணம் இன்றைய விலைவாசிக்குச் சிரிப்புக்கிடமானதுதான். சிறை என்ற சொல்லுக்குத்தான் கணவன்மார் அஞ்சுகிறார்கள்.

வீடு அவருடைய பெயரில் இருப்பது இதற்குத் தடையல்ல. நீங்கள் இருவரும் சேர்ந்து வசிக்கும் வீட்டுக்குள் அவர் நுழையக்கூடாது என்றும், நீங்கள் அங்கே இருப்பதைத் தடுக்கக்கூடாது என்றும் நீதிமன்றம் கட்டளையிட முடியும். உரிமை யாருடையது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. அடி விழாமல் உறங்குவதற்கு இப்போதைக்கு அது தீரவேண்டியதும் இல்லை. பிள்ளைகளுக்கான தாபரிப்புப் பணத்தை, அதாவது வாழ்க்கைச் செலவை, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதே நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம்.

அவருடைய மிரட்டலுக்கு வருகிறேன். நமது பொதுச் சட்டத்தில் தீய நோக்குடன் கைவிடுதல் விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்று என்பதால்தான் அந்தப் பயமுறுத்தல் எடுபடுகிறது. ஆனால் ஒருவருடைய கொடுமை தாங்காமல் மற்றவர் வெளியேற நேர்ந்தால், வெளியேற வைத்தவரே கைவிட்டவர் என்று நீதிமன்றங்கள் நீண்ட காலமாகக் கொள்கின்றன. ஆகவே உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் இரவில் சட்டத்தை எண்ணித் தயங்காமல் பிள்ளைகளுடன் வெளியேறுங்கள், 119 ஐ அழையுங்கள். ஏன் வெளியேறினீர்கள் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிபட்டால் அரச வைத்தியசாலைக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை அறிக்கைக்கு நீதிமன்றத்தில் கனம் அதிகம். 'படியில் வழுக்கி விழுந்தேன்' என்று ஒருமுறை பதிவானால், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பது. சின்னம்மாவின் மகள் ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் அழுதழுது சொன்னதை உத்தியோகத்தர் சிங்களத்தில் அரைப் பக்கமாக எழுதினார். அவளும் கையெழுத்திட்டாள். மாதங்கள் கழித்து அதன் பிரதியை வாசித்த சட்டத்தரணி, கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினார்: 'வழக்குத் தொடரும் எண்ணம் எனக்கில்லை, எச்சரித்து அனுப்பினால் போதும்.' அவள் அப்படிச் சொல்லவேயில்லை. உங்கள் இரண்டு என்ட்ரிகளின் இலக்கங்களையும் பிரதிகளையும் எடுத்து, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசித்துப் பாருங்கள். இனிமேல் வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். முடியாது என்றால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை பேனையைத் தொடாதீர்கள். நீதிமன்றத்தில் நடப்பதைத் தமிழில் அறிந்துகொள்ள அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதையும் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

பணமில்லாதவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் அமைக்கப்பட்டது, தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே உள்ளது. வருமானம் பற்றிக் கேட்பார்கள், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் அமைப்பில் சட்ட ஆலோசனையும் உளவள ஆலோசனையும் தங்குமிட உதவியும் பெறலாம். பல அரச வைத்தியசாலைகளில், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென உள்ள நட்பு நிலையங்களில் தாதியர் உங்களைத் தனியாக இருத்திப் பேசுவார்கள். வைத்தியசாலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டே அங்கு போகலாம் என்பது ஒரு வசதி. மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அழைத்த பிறகு கைப்பேசியிலிருந்து அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாத இன்னொரு வீட்டில் இப்போதே ஒப்படைத்து வையுங்கள்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள், முடிந்தால் முதல் தவணைக்கே அழைத்துப் போங்கள். எங்கள் சின்னம்மாவும் பொறுத்துக்கொள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் சத்தியக் கடதாசியில் இருந்ததை உரைபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்ல, பின்வரிசை வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அதில் இரண்டு சம்பவங்கள் அவர் அதுவரை கேள்விப்படாதவை. அடுத்த தவணைக்கு எங்களுக்கு முன்பே உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

அன்புடன்,
அக்கா