மருந்துக்கு மசியாத கிருமி, பிளீச்சிங் பவுடருக்கு மசியுமா?

கேள்வி: ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி டெல்லியில் குழாய்த் தண்ணீரிலேயே இருந்ததாகப் படித்தேன். எங்களுக்கு வருவது கொள்ளிடத் தண்ணீர். காய்ச்சினாலும் அது சாகாதா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: செத்துவிடும். மருந்தைச் சமாளிப்பது வேறு, கொதிநீரைத் தாங்குவது வேறு. தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். தேய்த்துக் கழுவாத பானையில் ஊற்றிப் பட்ட பாட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டெல்லி ஆய்வு வெளியானது 2011-இல். கார்பபெனம் போன்ற வலுவான மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியின் மரபணு, 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-இல் கிடைத்தது. தெருவில் கசிந்து தேங்கிய நீரிலோ 171-க்கு 51. அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். தெருவில் கிடப்பது குழாய்க்குள் நுழையும் வழிதான் நம் ஊரிலும் கவலை. இந்தக் கிருமி குடித்தவுடன் படுக்கவைக்கும் என்றில்லை. குடலில் சத்தமில்லாமல் தங்கி, தன் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றும். பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்று வரும்போது மருந்து கேட்காமல் போகலாம்.

கேள்வி: தண்ணீர் விட்டதும் சாக்கடை வாடை வருகிறது, பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. அப்புறம் பிடிக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: பிடிக்கலாம், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. தண்ணீரை அடைத்த நேரத்தில் குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் இறங்கிவிடுகிறது. வீட்டு இணைப்பு சாக்கடைக்குள் இறங்கிப் போகும் இடத்தில் ஊசித்துளை இருந்தாலே வெளியே கிடப்பதை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக் குழாயே சேற்றுநீரில் கிடக்கும்போது இன்னும் மோசம். குழாயில் நேராக மோட்டார் போட்டு இழுப்பவர் தெருவுக்கே சாக்கடையை இழுத்துத் தருகிறார். சாக்கடைக்குள் போகும் அந்தக் குழாய்த் துண்டை மாற்றி, சாக்கடைக்கு மேலே, பெரிய குழாய் ஒன்றின் உள்ளே விட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சந்தேகமிருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் பாட்டிலில் நீரை நிரப்பி வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக் கலப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது மருந்தை எதிர்க்கும் கிருமியா என்பதைப் பாட்டில் சொல்லாது. செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: காய்ச்சுவது, குளோரின் போடுவது.

கேள்வி: 1,000 லிட்டர் மாடித் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கழுவும்போது ஒரு கணக்கு, அன்றாடத்துக்கு ஒரு கணக்கு. முதலில் சுவரின் வழவழப்பைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அந்தப் படலத்துக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எட்டாது. பிறகு 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 200 கிராம் கலந்து தொட்டியை நிரப்பினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். வீட்டுக் குழாய்களில் வாடை வரும்வரை திறந்து மூடி, 4 மணி நேரம் விட்டு, முழுதும் வடித்துவிடுங்கள். குளத்திலோ வயலிலோ விடாதீர்கள், மீன் செத்துவிடும்.

அன்றாடத்துக்கு 4 கிராம்; லிட்டருக்கு 1 மில்லிகிராம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி பொறுங்கள். குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் நிற்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சோதனைக் குழாயில் ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டினால் மஞ்சள் நிறத்தை வைத்துப் பார்த்துவிடலாம். நிறமே வரவில்லையா? பெரும்பாலும் பவுடர் பழசு. மூட்டையைத் திறந்துவைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் வீரியம் போய்விடும். அல்லது தண்ணீர் கலங்கல்; குளோரினை அழுக்கே தின்றுவிடும். கழிவறை ஆசிட்டுடன் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளிருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுகிறது. சுத்தமான நீர் சேரும் அந்தச் சின்னத் தொட்டிக்குக் காவல் கிடையாது. அதையும் கழுவுங்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவது சரியா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். சாதாரண வயிற்றுப்போக்குக்கு அது தேவையே இல்லை. குடலில் மருந்துக்குப் பழகிய கிருமிகளை மட்டும் மிச்சம் வைக்கும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை துவண்டாலோ கடைக்கு அல்ல, டாக்டரிடம் போங்கள்.