மகளின் தோள் கைத்தடி அல்ல

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு காலை எழுந்ததும் வீடே சுழன்றது. உட்காது நரம்பில் அழற்சி, 'வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ்' என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்து, தனியாகக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தேறினேன். போன மாதம் ஒரு வைரஸ் காய்ச்சல். அதன்பின் பழையபடி தள்ளாட்டம். பயந்துபோய்ப் பயிற்சிகளை நிறுத்திவிட்டேன். பழைய தலைசுற்றல் மாத்திரையை மறுபடி போட்டுக்கொள்கிறேன். எட்டாவது படிக்கும் மகள்தான் துணை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். குளிக்கும்போது பாத்ரூம் வாசலில் நிற்பாள். கணவருக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்வதில்லை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தலைசுற்றலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, மகளைப் பற்றிப் போகிறபோக்கில் மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிகள்தான் உறுத்துகின்றன.

வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறாள்? பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்திலா? உள்ளே வாளி நகர்ந்த சத்தம் கேட்டாலே "அம்மா?" என்று கூப்பிடுகிறாளா? கூப்பிடத்தான் செய்வாள். நீங்கள் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று யோசித்தீர்களா? கணவருக்கு வேலை என்கிறீர்கள். சரி, இவளுக்குப் படிப்பும் விளையாட்டும் இல்லையா?

பெற்றவர்களைப் பிள்ளைகள் தாங்கும் காலம் ஒன்று வரும், வரவும் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எட்டாவது படிக்கிற வயதில், அதுவும் தாங்கவேண்டிய மனிதர் அதே வீட்டில் இருக்கும்போது, அந்தப் பாரம் அவள் தலையில் விழக்கூடாது.

மகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தோள் உங்களுக்கே கெடுதல். நாம் விழாமல் நிற்க உட்காது, கண், பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. உங்களுக்கு ஒரு பக்கக் காதின் தகவல் கெட்டுப்போனது. அந்த நரம்பு பலருக்கு முழுசாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. மூளைதான் அந்தக் குறையோடு வேலை செய்யப் பழகிக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளாடி, தானே சரிசெய்து நிற்கும்போதுதான் அது பழகும். ஒரு தோளைப் பிடித்துக்கொண்டால் கை வழியாகவே நிதானம் கிடைத்துவிடுகிறது. மூளைக்குக் கற்றுக்கொள்ள வேலையே இல்லை. தலையைத் திருப்பாமல் விறைப்பாக நடப்பதும் அப்படித்தான். செய்கிறீர்கள்தானே?

மாத்திரையும் இதே கதைதான். வாந்தியும் சுழற்சியுமாகக் கிடக்கும் முதல் சில நாட்களுக்கு அது வரப்பிரசாதம். வாரக்கணக்கில் போட்டால், தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளில் பல, மூளை பழகுவதையும் சேர்த்து அடக்கிவிடும். எப்போதோ எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து நீங்களாக ஆரம்பித்ததே தப்பு. நிறுத்துவதையாவது டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். படுத்துக் கிடப்பவர்களைவிடச் சீக்கிரம் அசைய ஆரம்பித்தவர்களே வேகமாகத் தேறுகிறார்கள் என்று கண்டு, 1940-களிலேயே காதார்ன், குக்ஸி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் தலையையும் கண்ணையும் அசைக்கும் பயிற்சிகளை வகுத்துவிட்டார்கள். நீங்கள் செய்துவந்தவையும் அந்த வழியில் வந்தவையாகத்தான் இருக்கும்.

வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சல், தூக்கக் கெடுதல், மனக்கஷ்டம், இதில் எது வந்தாலும் பழகின மூளை தற்காலிகமாகத் தடுமாறும். இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான். ஒருமுறை கற்றதை மூளை மறுபடி பிடிப்பதற்குப் பெரும்பாலும் முதல் தடவை அளவுக்குக் காலம் ஆகாது. ஆனால் அது தானாக நடக்காது. காய்ச்சலால் போனதைவிட, அதன்பின் பயிற்சியை விட்டதால் போனதுதான் உங்களுக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இது பழைய பிரச்சினையேதானா என்று தெரியவேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றுகிறதென்றால், உட்காதில் துகள் இடம் மாறியிருக்கலாம். நரம்பு அழற்சிக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருவதுண்டு. தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் சாய்த்துச் செய்யும் சிகிச்சையில் பலருக்குச் சில நிமிடங்களில் சரியாகிவிடும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலமிழப்பு, திடீரென்று காது கேளாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி என்று ஏதாவது சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் பயிற்சி. விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிச் சில படிகள் கீழிருந்து தொடங்குங்கள். கை நீட்டும் தூரத்தில் ஓர் அட்டை, அதில் ஓர் எழுத்து. அது கலங்காமல் தெரியும் வேகத்தில் தலையை இடமும் வலமும் திருப்புவது. இலேசாகக் கிறுகிறுக்கும். கிறுகிறுக்கத்தான் வேண்டும். கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூமில் பயம் வருவது நியாயம். சோப்பு நுரைக்குக் கண்ணை மூடியதும் கண் வழித் தகவலும் போய்விடும், தரையோ ஈரம். அதற்குச் சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார ஒரு ஸ்டூல், வழுக்காத விரிப்பு வேண்டும். இவை வந்து சேரும்வரை வாசலில் ஒரு பெரியவர் நிற்கட்டும்.

அந்தப் பெரியவர் உங்கள் கணவர். தொந்தரவு என்று அவர் சொன்னாரா, அல்லது நீங்களாகவே முடிவுகட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை. நீங்களாகத்தான் என்று சந்தேகப்படுகிறேன். கணவனிடம் கேட்கக் கூச்சப்பட்டு மகளிடம் வேலை வாங்குவதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை நான் குளிக்கும்போது நீங்கள்தான் நிற்கவேண்டும் என்று இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள். அலுத்துக்கொண்டாரானால் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிலை அவருக்கே எழுதுகிறேன்.