எக்ஸ்ரே நார்மல், ஆனால் எறியும்போது தோள்வலி: வளர்ச்சித் தட்டைப் பார்த்தார்களா?

13 வயது மகன், கீழே விழவில்லை, ஆறு வாரமாகப் பந்தை எறியும்போது மட்டும் தோள் வலிக்கிறது, எக்ஸ்ரே நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மேல்கை எலும்பின் தலைக்கு அடியிலுள்ள வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளமாக வளரும் இடம்) வரும் அழுத்த முறிவு, அதாவது ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடப்பதால் வரும் காயம். தசைநாரைவிடக் குருத்தெலும்பாலான அந்தத் தட்டுதான் பலவீனம். ஒவ்வொரு எறியின் முறுக்கலும் அங்கேதான் இறங்கும்.

தோள் நுனிக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, கையின் வெளிப்பக்க எலும்பை அழுத்திப் பாருங்கள். சுள்ளென்று வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து, கையை வெளிப்புறம் திருப்பி வைத்து, இரண்டு தோளையும் ஒரே கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தத் தட்டு கருங்கோடாகத்தான் தெரியும். வலிக்கும் பக்கம், குறிப்பாக வெளியோரத்தில், அது அகன்றிருப்பது மறுபக்கத்தோடு ஒப்பிட்டால்தான் புரியும். ஒற்றைப் படம் ‘நார்மல்’ ஆவது இப்படித்தான். அப்போதும் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ.

உறுதியானால், எறிவதை அடியோடு நிறுத்த வேண்டும், பொதுவாக 3 மாதம். ஆபரேஷன் அபூர்வம், ஸ்டீராய்டு ஊசிக்கு இங்கே வேலையே இல்லை. சிக்கல் என்னவென்றால், சில வாரங்களில் வலி போய்விடும், பையன் மைதானத்துக்கு ஓடிவிடுவான். எக்ஸ்ரேயில் கோடு பழைய அகலத்துக்கு வர அதைவிட நாளாகும். மேல்கையின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் இந்தத் தட்டில்தான் நடக்கிறது, அதனால் அவசரம் வேண்டாம். அழுத்தினாலும் வலியில்லை, அசைவு முழுமை என்றான பிறகே குறைந்த தூரத்தில், மெதுவாக, ஒருநாள் விட்டு ஒருநாள் எறியலாம். வலி திரும்பினால் முந்தைய படிக்கு.

இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், வீக்கம் இருந்தால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.