குறைந்த செலவில் கேமிங் கணினி: பாகம் பாகமாகப் பொருத்துவதா, ஆயத்தமாக வாங்குவதா?

பொருத்துவது என்றால் பிராசஸர் (கணினியின் மூளை), மதர்போர்ட் (பாகங்கள் எல்லாம் செருகும் பலகை), ரேம் (தற்காலிக நினைவகம்), கிராபிக்ஸ் கார்ட் (கேமின் படத்தை உருவாக்குவது), பவர் சப்ளை (பாகங்களுக்கு மின்சாரம் தருவது), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிப்பது), கேசிங் (வெளிப்பெட்டி) ஆகியவற்றை நீங்களே தெரிவுசெய்து வாங்கிப் பொருத்துவது. நேரமும் பொறுமையும் இருந்தால் இதுவே நல்லது.

காரணம், விளம்பரத்தில் தெரியாத இடத்தில்தான் ஆயத்தக் கணினியில் காசு குறைக்கப்படும். சோற்றுப் பார்சலில் கோழித்துண்டு மேலே தெரியும், எண்ணெயின் தரம் தெரியாது. இங்கே அந்த எண்ணெய் பவர் சப்ளை. தரமற்றது எரியும்போது மற்றப் பாகங்களையும் கெடுக்கலாம். ரேமும் அப்படித்தான்: விளம்பரத்தில் மொத்த அளவுதான் தெரியும், ஆனால் ஒரே 16 ஜீபி ரேமைவிட இரண்டு 8 ஜீபி ரேம்கள் போட்டால் பல கேம்கள் வேகமாக ஓடும்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக விலை கேளுங்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மதர்போர்டில் நான்கு ரேம் துளைகள் இருந்தால் இரண்டு ரேம்களையும் பொதுவாக 2ஆம், 4ஆம் துளைகளில் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

பழைய அலுவலகக் கணினியை வாங்கி கிராபிக்ஸ் கார்ட் போடுவது மலிவுதான். ஆனால் சிறிய கேசிங்கில் பெரிய கார்ட் நுழையாது. பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனி மின்வயர் இல்லாவிட்டால், மதர்போர்ட் துளை தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்ட்தான் போடலாம்.

நாமே பொருத்தினால் வாரண்டி போய்விடும் என்பது தவறு: ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி உண்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.