கிப்ஸ் ஆற்றல் கணக்கு தப்பாகிறதா?

தம்பி, திங்கட்கிழமை பிளஸ் ஒன் வேதியியல் தேர்வு, கிப்ஸ் கட்டிலா ஆற்றல் (ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்று காட்டும் அளவு, ΔG) கணக்கு மட்டும் தப்பாகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டதைப் பார்த்தேன். ΔG = ΔH − TΔS என்ற சூத்திரம் சரிதான் (T என்பது கெல்வினில் வெப்பநிலை), அலகில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். என்தால்பி மாற்றத்தை (ΔH, மாறா அழுத்தத்தில் வெப்ப மாற்றம்) கிலோஜூலிலும் என்ட்ரோபி மாற்றத்தை (ΔS, ஒழுங்கின்மையில் வரும் மாற்றம்) கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்றும் கொடுப்பார்கள். முதலில் கிலோஜூலை 1000 ஆல் பெருக்குங்கள்.

நம்ம வேலூர் மே மாத வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். சர்பத் கடைப் பனிக்கட்டி உருகுகிறது. ஒரு மோலுக்கு என்தால்பி மாற்றம் 6010 ஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 22 ஜூல். 313ஐ 22 ஆல் பெருக்கினால் 6886. அதை 6010இலிருந்து கழித்தால் மைனஸ் 876 ஜூல். எதிர்குறி வந்ததால் தானாகவே உருகும். இதையே 273 கெல்வினில் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். அதுதான் சமநிலை.

அப்புறம், ஹெஸ் விதிக் கணக்கில் (வினை எத்தனை படிகளில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே என்ற விதி) சமன்பாட்டைத் திருப்பி எழுதினால் என்தால்பி மாற்றத்தின் குறியையும் மாற்ற மறக்காதீர்கள்.