முதல் கற்சிற்பத்துக்கு எந்தக் கல்?

கேள்வி: களிமண்ணில் உருவங்கள் செய்து பழகியிருக்கிறேன். கண்காட்சி ஒன்றுக்காக ஒரு சாண் உயரத்தில் கற்சிற்பம் செதுக்க விரும்புகிறேன். எந்தக் கல்லை வாங்குவது? கை, விரல் போன்ற மெல்லிய பாகங்கள் உடையாமல் செதுக்க வழி உண்டா?

பதில்: மாமல்லபுரத்துப் பட்டறைகளைப் பார்த்துவிட்டுக் கருங்கல்லில் தொடங்க ஆசைப்படுபவர்கள் பலர். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவுகோலில் 7 என்பதால், உளியின் முனை விரைவில் மழுங்கும். அதை அடிக்கடி தீட்டும் வசதி வீட்டில் இருக்காது. உங்களுக்கு ஏற்றது கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல்தான். அதன் முதன்மைக் கனிமமான டால்க்கின் கடினம் 1 மட்டுமே. ரம்பமும் அரமும் அதில் தாராளமாக வேலை செய்யும்.

வாங்கும்போது கல்லை நீரில் நனைத்து உலரவிடுங்கள். மற்ற இடங்கள் காய்ந்த பிறகும் ஈரக்கோடு ஒன்று எஞ்சி நின்றால், அங்கே விரிசல் ஓடுகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டும்போது மந்தமான ஒலி எழும் கல்லையும் தவிர்த்துவிடலாம்.

மெல்லிய பாகங்கள் உடைவதைத் தடுக்கும் வழி உளியைவிட வடிவமைப்பிலேயே அதிகம் இருக்கிறது. செப்புத் திருமேனியில் தூக்கிய காலும் வீசிய கையும் தாமாக நிற்கும், ஏனெனில் உலோகம் இழுவிசையைத் தாங்கும். கல்லோ அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையையும் வளைவையும் தாங்காது. ஆகவே முழங்கையை விலாவோடும், உள்ளங்கையைத் தொடையோடும் ஒட்டியிருக்குமாறு அமர்ந்த உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே அளவில் முதலில் களிமண் மாதிரி செய்து, எந்த இடம் துருத்துகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். இதில் உங்கள் பழைய பயிற்சி பெரிதும் கைகொடுக்கும்.

பிறகு நான்கு பக்கங்களிலும் காவியால் உருவரை இட்டு, வேண்டாத மூலைகளை ரம்பத்தால் நீக்கி, கல்லை மணல் மூட்டையின்மீது வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக இறக்கிக்கொண்டு வாருங்கள். முகத்தை முதலில் முடித்துவிடும் ஆவலைக் கட்டாயம் அடக்க வேண்டும். மூக்கின் இடம் சற்றுப் பின்னே போக நேர்ந்தால் அதற்குக் கல் மிச்சம் இருக்காது. கைக்கும் உடலுக்கும் இடையிலான துளைகளைக் கடைசியில், இரு பக்கங்களிலிருந்தும் சிறிது சிறிதாகக் குடையலாம்.

சில மாக்கற்களில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், அவை இல்லாத கல்லை நம்பகமான இடத்தில் கேட்டு வாங்கி, கல்தூசுக்கு என்95 முகக்கவசம் அணிந்து, கல்லை ஈரமாகவே வைத்து வேலை செய்யுங்கள். 120இல் தொடங்கி 220, 400, 600 என்று உப்புத்தாளை மாற்றி நீர்விட்டுத் தேய்த்தபின், கல்லை இளஞ்சூடாக்கித் தேன்மெழுகு பூசலாம். நிறம் கருக்கும் என்பதால் அடிப்பகுதியில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

பீடத்தில் பொருத்த, துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை எபாக்ஸி பசையால் பதியுங்கள். சாதாரண இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, நாளடைவில் கல்லைப் பிளந்துவிடும்.